சீட்டும் கடவுச்சீட்டும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில இருந்து வந்த மாமி ஒருத்தர் எங்கட நண்பி வீட்டில ஒரு பெட்டியைக் குடுத்துவிட்டுப் போனார். சொக்லேட் என்று நினைச்சுத்தான் திறந்தோம். சொக்லேட்டும் இருந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொன்றாக பிளாஸ்டிக் உறை போட்ட நாலைந்து காட் கட்டுகள் இருந்தன. எல்லாம் ஜப்பானிய எழுத்து. அனுப்பினது நண்பியின் அண்ணா. "இது இங்க செல்லாது. அங்க ஆராவது பிள்ளையள் விளையாடட்டும்" என்று ஒரு துண்டும் எழுதி வைத்திருந்தார்.

அந்தச் "செல்லாது" என்ற சொல்லில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். செல்லாத காசு எங்களுக்குத் தெரியும். செல்லாத சான்றிதழும் தெரியும். கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்கு அந்தப் பயம் முதலாம் வருடத்திலேயே வந்துவிடும். ஆனா விளையாடுற தாள் எப்படிச் செல்லாமல் போகும்? எங்கட ஊரில ஏஸ் என்றால் ரொறன்ரோவிலும் அது ஏஸ்தானே?

அண்ணா ஜப்பானில் இரண்டரை வருடம் மொழிப் பாடசாலையில் படித்தவர். அங்கேதான் இந்த விளையாட்டுகளைப் பழகினார். பிறகு கனடாவுக்குப் போனார். அவரோடு வட்ஸ்அப்பில் கதைத்தும், தேடி வாசித்தும் நாங்கள் விளங்கிக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. ஒரு காட்டுக்கு எப்படி நாடு வந்தது, நாடு விட்டு நாடு போன ஒருத்தருக்கு அது என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

எங்கட தாளில இருந்து தொடங்குவம்

எங்களுக்குத் தெரிந்த காட்ஸ் 304. செத்தவீட்டிலும் கலியாணவீட்டிலும் கோயில் மடத்திலும் பெரியாக்கள் இருந்து அடிக்கிறது. ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. கூட்டினால் 76. நாலு குறிக்கும் சேர்த்து 304. கணக்கு இவ்வளவுதான், சண்டைதான் கனக்க.

இந்தத் தாள்கள் எங்கட ஊரில முளைத்தவை இல்லை. 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தரிடம் போனது. 1796 வரைக்கும் அவர்கள் கரையோரங்களை ஆண்டார்கள். அவர்களின் பாசையில் சீட்டுக் குறிகளுக்கு ஸ்கோப்பன், ஹார்ட்டன், கிளாவரன் என்று பேர். எங்கட பெரியாக்கள் சொல்லுற இஸ்கோப்பன், ஆடுதன், கலாவரை எல்லாம் அங்கேயிருந்து வந்தவை. சிங்களத்திலும் இஸ்கோப்ப, ஹாரத, கலாபர என்று கிட்டத்தட்ட அதேதான். ஒல்லாந்தர் போய் இருநூறு வருடத்துக்கு மேலாகியும் தாள் தங்கிவிட்டது. பேரைக் கொஞ்சம் திரித்து எங்கட ஆக்கினோம், அவ்வளவுதான்.

இந்த 52 தாளில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தேவையில்லை. புள்ளியை எண்ணினால் போதும். ஆர் வீட்டுக் கட்டும் ஒன்றுதான். அதனால்தான் அதற்கு நாடும் இல்லை, மொழியும் இல்லை. அண்ணா அனுப்பினது வேறு இனம். அந்த இனத்துக்குப் பிறந்த வருடம் 1993.

ஆளுக்கொரு கட்டு

றிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் செய்துகொண்டிருந்தவர். தான் கண்டுபிடித்த ஒரு பலகை விளையாட்டை வெளியிடச் சொல்லி, சியாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற சின்னக் கொம்பனியிடம் போனார். அதை நடத்தின பீற்றர் அட்கிசன், அதை அச்சடிக்க எங்களிடம் காசு இல்லை, கையில் கொண்டு திரியக்கூடிய, கெதியாக விளையாடி முடிக்கக்கூடிய ஒன்று இருந்தால் தாரும் என்று கேட்டார். விளையாட்டு மாநாடுகளில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் வரிசையில் நிற்கிற ஆக்களுக்கு ஏற்ற மாதிரி ஒன்று.

கார்ஃபீல்ட் திரும்பிக் கொண்டுவந்தது மஜிக்: த கதரிங். 1993 ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் பதிப்பில் மட்டும் 26 இலட்சம் காட்கள் அச்சடித்தார்கள். அவை கெதியில் முடிந்துவிட்டன.

இதில புதுசாக இருந்தது ஒரு யோசனைதான். விளையாட்டுப் பெட்டி என்று ஒன்று இல்லை. உறை உறையாக வாங்கவேண்டும். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாது. எனக்கு வந்தது உனக்கு வராது. மாற்றவேண்டும், கேட்கவேண்டும், பேரம் பேசவேண்டும். பிறகு உன்னிடம் இருப்பதில் இருந்து நீயே ஒரு கட்டைக் கட்டவேண்டும். அதற்குப் பேர் டெக். ஒவ்வொரு காட்டிலும் படம் இருக்கும், அதற்குக் கீழே அந்தக் காட் என்ன செய்யும் என்று எழுதியிருக்கும். பொது விதியை அந்தக் காட் மீறலாம். காட்டில் எழுதினதுக்குத்தான் மதிப்பு.

எழுத்து உள்ளே வந்ததும் மொழியும் உள்ளே வந்துவிட்டது. 304இல் இல்லாத பிரச்சினை இங்கேதான் தொடங்கியது.

அதோடு போட்டியும் வந்தது. தொடக்கத்தில் 40 தாள் இருந்தால் போதும், ஒரே காட்டை எத்தனை தரமும் வைக்கலாம். காசு உள்ளவன் பலமான காட்டை இருபது வாங்கி வைத்தால் மற்றவன் என்ன செய்யிறது? சுற்றுப்போட்டிகளுக்கென்று ஒரு அமைப்பு வந்து, 1994இல் குறைந்தது 60 தாள், ஒரு காட்டின் பிரதி நாலுக்கு மேல் கூடாது என்று விதித்தது. அந்த அமைப்புத்தான் பின்னர் டிசிஐ என்று அறியப்பட்டது. அதே 1994 ஆகஸ்டில் மில்வோக்கியில் முதலாவது உலகக் கிண்ணம் நடந்தது. வென்றவர் சாக் டோலன் என்ற அமெரிக்கர். அடுத்த வருடம் சுவிற்சர்லாந்துக்காரர், அதற்கடுத்தது அவுஸ்திரேலியாக்காரர், 1997இல் செக் நாட்டுக்காரர். நாலு வருடத்துக்குள் கிண்ணம் மூன்று கண்டங்களைச் சுற்றிவிட்டது.

படத்தைப் பார்த்து வாசிக்கிறது

1994இலேயே மஜிக் இத்தாலியன், பிரெஞ்சு, ஜேர்மன் மொழிகளில் வரத் தொடங்கியது. 1996இல் ஜப்பானிய மொழியும் வந்தது. அப்போ ஒரு கேள்வி வந்திருக்கும். ஜேர்மன்காரர் ஜேர்மன் காட்டோடு இத்தாலியில் வந்து இருந்தால், எதிரே இருப்பவருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எப்படித் தெரியும்?

மஜிக் எடுத்த முடிவு தாராளமானது. எந்த மொழிக் காட்டையும் எந்த நாட்டுச் சுற்றுப்போட்டியிலும் போடலாம். ஆனா சட்டபூர்வமான எழுத்து என்று ஒன்றுதான் உண்டு. ஒவ்வொரு காட்டுக்கும் திருத்தப்பட்ட ஆங்கில வாசகம் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும். அதற்கு ஒரக்கிள் என்று பேர். உனக்கு விளங்காவிட்டால் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிடலாம், அவர் அந்த வாசகத்தைச் சொல்லுவார். காட்டில் என்ன மொழியில் என்ன அச்சடித்திருந்தாலும், பிழையாக மொழிபெயர்த்திருந்தாலும், ஒரக்கிள் சொல்லுறதுதான் முடிவு.

சின்ன ஒரு மாற்றத்தையும் சொல்லவேண்டும். இந்த விளையாட்டில் ஒரு காட்டைப் பாவித்துவிட்டால் அதைப் பக்கவாட்டில் திருப்பி வைப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கு ராப் என்பார்கள். தொடக்கத்தில் அதைக் காட்ட ஆங்கில எழுத்தான "ரி"யைச் சரித்து அச்சடித்தார்கள். மற்ற மொழிகளில் அந்த எழுத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அதனால் 1990களின் நடுவில் அதை விட்டுவிட்டு ஒரு வளைந்த அம்புக்குறிக்கு மாறினார்கள். எழுத்து குறியாக மாறின இடம் இது. ஒரு வகையில் இஸ்கோப்பன் பக்கம் ஒரு அடி திரும்பிப் போனது போல.

இன்னொன்றும் நடந்தது. ஆயிரக்கணக்கான காட்களை ஆரும் வரிவரியாக வாசிப்பதில்லை. படத்தைப் பார்த்தவுடன் ஞாபகம் வரும். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு ஓவியர் வரைந்த தனிப் படம் இருப்பதால், எழுத்துத் தெரியாத காட்டையும் அனுபவமுள்ள ஆட்டக்காரர் தூரத்தில் இருந்தே அடையாளம் காண்பார். எழுத்துக்காகச் செய்த விளையாட்டை மனுசர் படத்தால் வாசிக்கப் பழகிவிட்டார்கள்.

ஒசாகாவில் ஒரு வெள்ளிக்கிழமை

இனி அண்ணாவின் கதை.

ஜப்பானில் மாணவர் விசாவில் இருப்பவர் வாரத்துக்கு 28 மணித்தியாலம் வரைக்கும் வேலை செய்யலாம். அண்ணா ஒசாகாவில் பகலில் வகுப்பு, இரவில் சாப்பாட்டுப் பெட்டி கட்டுற தொழிற்சாலை. "சோத்துக்கு மேல ஒரு துண்டு மீன் வைக்கிறது. அடுத்த பெட்டி. பிறகு அடுத்த பெட்டி. ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்ல. அதுதான் பிரச்சினை" என்றார்.

ஒசாகாவில் நிப்பொன்பாஷி என்ற பகுதியில் இப்படியான காட் கடைகள் நிறைய. ஜப்பானிய காட் கடைகளில் பின்பக்கம் மேசை கதிரை போட்டு விளையாட இடம் விட்டிருப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை வேலை இல்லாத இரவு, குளிருக்கு ஒதுங்கின மாதிரி ஒரு கடைக்குள் போனாராம். 2000ஆம் ஆண்டில் இருந்து மஜிக்குக்கு வெள்ளி இரவுப் போட்டி என்று ஒரு வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அன்றைக்கு நடந்துகொண்டிருந்தது அதுதான். பார்த்துக்கொண்டு நின்றவரை கடைக்காரர் இருக்கச் சொன்னார். அடுத்த கிழமை மலிவான ஒரு டெக்கோடு போய் இருந்தார்.

இங்கே சுவிஸ் முறை என்ற ஒன்றை விளங்கப்படுத்தவேண்டும். 1895இல் சூரிச்சில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில் பாவித்த முறை என்பதால் அந்தப் பேர். தோற்றவுடன் வெளியே போகவேண்டியதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் உன்னைப் போல அதேயளவு வென்று, அதேயளவு தோற்ற ஒருத்தரோடு உன்னைச் சோடி சேர்ப்பார்கள். எல்லாச் சுற்றும் எல்லாரும் விளையாடலாம். மஜிக்கில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம்.

இதை ஒரு நிர்வாக வசதி என்றுதான் நாங்கள் வாசித்தபோது நினைத்தோம். அண்ணா சொன்ன பிறகுதான் வேறு மாதிரித் தெரிந்தது. புது ஊரில் ஒருத்தரையும் தெரியாத ஒருத்தர் ஒரு இரவில் மூன்று நாலு பேருக்கு முன்னால், ஒவ்வொருத்தரோடும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறார். அவர் ஆரையும் தேடிப் போகத் தேவையில்லை. பட்டியலில் பேர் விழும், மேசை இலக்கம் சொல்லுவார்கள், போய் இருக்கவேண்டியதுதான். தோற்றுக்கொண்டே இருந்தாலும் தோற்றுக்கொண்டே இருக்கிற இன்னொருத்தர் முன்னால் வருவார். அவர்களுக்குள் சிரிக்க ஒரு விஷயம் இருக்கும்.

ஆட்டம் தொடங்க முதல் ஜப்பானியர் குனிந்து "யொரோஷிக்கு ஒனேகாய்ஷிமாஸ்" என்பார்கள். தயவாக நடந்துகொள்ளுங்கள் என்ற மாதிரி. முடிந்தபிறகு தோற்றவரும் நன்றி சொல்லுவார். "எனக்கு அப்ப ஒரு ஐம்பது சொல்லுத்தான் தெரியும். ஆனா அந்த மேசையில அம்பதே காணும். என்ர முறை, உன்ர முறை, எத்தனை மிச்சம், கொஞ்சம் பொறு. வகுப்பில ஆறு மாதம் படிச்சும் வாயால வராத இலக்கமெல்லாம் அங்க வந்தது, ஏனெண்டா உயிர்ப்புள்ளி குறைக்கிறதுக்கு எண்ணிச் சொல்லோணும்" என்றார். இருபதில் தொடங்கிக் கீழே எண்ணுகிற விளையாட்டு அது.

வேலையிடத்தில் அவரை ஆரும் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கடையில் ஒவ்வொரு வெள்ளியும் பட்டியலில் அவருடைய பேர் கதகன எழுத்தில் இருந்தது. கொஞ்சம் பிழையாகத்தான், ஆனா இருந்தது.

ஊர் ஊராகப் போறவர்கள்

வெள்ளிக்கிழமை மேசைக்கு மேலே ஒரு ஏணி இருந்தது. 1996 பெப்ரவரியில் நியூயோர்க்கில் முதலாவது புரோ ரூர் நடந்தது. கொல்ஃப், ரெனிஸ் போல காசுப் பரிசோடு வருடம் முழுக்க நகரத்துக்கு நகரம் நகரும் சுற்று. முதலாவதை வென்றவர் மைக்கல் லொகொன்ரோ. கீழ்மட்டப் போட்டியில் வென்று தகுதி பெற்றால்தான் உள்ளே போகலாம். ஜேர்மனியின் காய் புட்டெ ஏழு புரோ ரூர்களை வென்றார். அமெரிக்காவின் ஜொன் ஃபிங்கல், பிரான்சின் றஃபாயல் லெவி போன்றவர்கள் பேர் எடுத்தார்கள்.

எங்களுக்குச் சுவாரசியமாக இருந்தது ஜப்பானியர் கதை. 2005இல் உலகக் கிண்ணம் ஜப்பானின் யோக்கோஹாமாவில் நடந்தது. கட்சுஹிரோ மோரி வென்றார். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் கென்ஜி ட்சுமுரா. 2006இல் ஷோட்டா யாசோக்கா, 2007இல் டொமொஹாரு சாய்ட்டோ, 2008இல் ஷூஹெய் நகமுரா, 2009இல் யூயா வட்டனபே. தொடர்ந்து ஐந்து வருடம் ஐந்து ஜப்பானியர். இறுதி வாசகம் ஆங்கிலத்தில் இருக்கிற ஒரு விளையாட்டில் இப்படி நடந்தது. எந்த மொழிக் காட்டையும் போடலாம் என்ற விதி இல்லாவிட்டால் இது இவ்வளவு இலகுவாக நடந்திருக்காது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இந்த ஏணியில் ஏற ஒவ்வொருத்தருக்கும் ஒரு டிசிஐ இலக்கம் இருந்தது. சதுரங்கத்தில் இருக்கிற ஈலோ புள்ளி முறையைத்தான் 2011 வரைக்கும் இவர்களும் பாவித்தார்கள். நீ எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த இலக்கமும் உன்னோடு வரும். ஒசாகாவில் எடுத்தது ரொறன்ரோவிலும் அதே இலக்கம். 2020இல் அந்த முறையை நிற்பாட்டும்வரை, பழைய ஆட்டக்காரர்கள் தங்கட இலக்கத்தை அடையாள அட்டை இலக்கம் போல மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

2002இல் மஜிக் ஒன்லைன் வந்தது. பெரிய கடைகளும் நல்ல எதிராளிகளும் இல்லாத ஊர்களில் இருந்தவர்களுக்கு அது ஒரு கதவு. பிரேசிலின் போர்த்தோ அலெக்ரே நகரத்தைச் சேர்ந்த பவுலோ விற்றோர் டாமோ ட றோசா போன்றவர்கள் அந்தக் காலத்தில்தான் உலக மட்டத்துக்கு வந்தார்கள். 2020 பெப்ரவரியில் ஹொனலுலுவில் நடந்த உலகக் கிண்ணத்தை அவர் வென்றார்.

இரண்டு முதுகு

இவ்வளவும் மஜிக். அண்ணா அனுப்பின கட்டுகளில் பாதி வேறு.

போக்கிமொன் காட் விளையாட்டு 1996 ஒக்டோபரில் ஜப்பானில் பிறந்தது. ஆங்கிலத்தில் வந்தது 1999 ஜனவரியில், அதுவும் மஜிக்கை அச்சடித்த அதே விசார்ட்ஸ் கொம்பனியால். 2003இல் அது போக்கிமொன்காரர்களிடமே திரும்பிப் போனது. ஜப்பானியக் காட்டின் முதுகும் ஆங்கிலக் காட்டின் முதுகும் ஒன்று இல்லை. இரண்டு வேறு வடிவம். கலந்து வைத்தால் எது எது என்று பின்பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதோடு ஒவ்வொரு நாட்டிலும் அதிகாரபூர்வப் போட்டியில் எந்த மொழிக் காட்டைப் போடலாம் என்று விதி இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளின் போட்டியில் ஜப்பானியக் காட்டைப் போட முடியாது.

காரணம் என்ன? புதுத் தொகுதிகள் ஜப்பானில் சில மாதம் முந்தி வருகின்றன. அங்கே வாங்கிக் கொண்டுவந்தவர் மற்றவர்களிடம் இல்லாததை வைத்து விளையாடுவது நியாயம் இல்லை. இந்த ஆட்டத்தில் சின்னப் பிள்ளைகள் அதிகம். எதிராளியின் காட்டை வாசிக்க முடியவேண்டும். இரண்டும் நல்ல காரணம்தான். இரண்டு சந்தையும் தனித்தனியாக இருப்பது வியாபாரத்துக்கும் வசதி என்பது எங்கட ஊகம்.

யூ-கி-ஓ இன்னும் ஒரு படி மேல. கசுக்கி தகஹாஷியின் மங்கா 1996இல் தொடங்கியது. கொனாமி 1999இல் ஜப்பானில் காட் விளையாட்டைக் கொண்டுவந்தது. 2002இல் வட அமெரிக்காவுக்கு இன்னொரு வடிவம் போனது. ஜப்பானும் ஆசியாவும் ஓசிஜி, மற்ற உலகம் ரிசிஜி. தொடக்கத்தில் தடைப் பட்டியலாவது பெரும்பாலும் சேர்ந்து நடந்தது. 2013 செப்ரெம்பரில் அதுவும் முழுக்கப் பிரிந்தது. ஒரு உலகத்தில் போடக்கூடாத காட்டை மற்றதில் போடலாம். உலகக் கிண்ணத்துக்கு மட்டும் இரண்டையும் சேர்த்து ஒரு பொதுப் பட்டியல் செய்வார்கள். அதாவது ஒருத்தர் சிங்கப்பூரில் இருந்து லண்டனுக்கு வீடு மாறினால், காட் மட்டும் இல்லை, இத்தனை வருடம் படித்த பாடமும் பாதி மாறிவிடும்.

மூன்று விளையாட்டு, மூன்று குடிவரவுச் சட்டம். ஒன்று எந்த மொழியில் வந்தாலும் உள்ளே விட்டு, சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தைக் கேட்கும். ஒன்று வாசலில் மொழியைப் பார்க்கும். ஒன்று இரண்டு நாடாகவே பிரிந்து, வருடத்தில் ஒருக்கா மட்டும் சேரும்.

"பிழை என்னிலதான்"

அண்ணா கனடாவில் இறங்கின மூன்றாம் கிழமை ஒரு கடையைத் தேடிப் போனார். ஜப்பானில் மூன்று தரம் அடுக்கி, பிரித்து, திரும்பக் கட்டின தன்ர நல்ல டெக்கோடு போனார். பேர் பதியும் இடத்தில் இருந்த பெடியன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு, ஆனா இதை இங்க போட ஏலாது" என்று சொன்னானாம். மரியாதையாகத்தான் சொன்னான். வேண்டுமென்றால் தன்ர டெக் ஒன்றை இன்றைக்கு இரவல் தாறன் என்றும் சொன்னான்.

"பிழை என்னிலதான். விதியை வாசிக்கேல்ல. கோபம் ஒண்டும் வரேல்ல. ஆனா எனக்கு உடன ஞாபகம் வந்தது என்னெண்டா, அதே கிழமை இன்னொரு கவுண்டரில என்ர சான்றிதழைப் பார்த்திட்டு ஒரு பிள்ளையும் இதே மாதிரிச் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னது" என்றார்.

நாங்கள் எல்லாரும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. எங்களில் இரண்டு பேர் இந்த வருடம் வெளியில் படிக்க விண்ணப்பிக்கிறார்கள். அண்ணாவும் எங்கட மாதிரி ஒரு கலைப்பீடத்தில் படித்து முடித்துவிட்டுப் போனவர்தான்.

அவர் இன்னொன்றையும் சொன்னார். ஒசாகாவில் இரண்டாம் வருடம், வெள்ளிக்கிழமைக் கூட்டாளிகள் நாலு பேர் சியோலில் நடந்த ஒரு பெரிய போட்டிக்குப் போனார்கள். ஜப்பானியக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினால் சரி. அவருக்குக் கொரியாவுக்கு விசா எடுக்கவேண்டும். வங்கிக் கணக்கு, பாடசாலைக் கடிதம், வகுப்பு வரவு. போட்டி முடிந்த பிறகுதான் எல்லாம் சரிவரும் போல இருந்தது. போகவில்லை. அவர்கள் போய்வந்து அவருக்கென்று அந்தப் போட்டியின் விளையாட்டு விரிப்பு ஒன்றை வாங்கி வந்து குடுத்தார்கள்.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் அநேகமாக நாடுகளின் பட்டியலைத் தருவார்கள்: அமெரிக்கா, ஜேர்மனி, ஜப்பான், பிரேசில். நாங்களும் மேலே அப்படித்தான் தந்தோம். மேசைக்கு வந்தவர்களின் பட்டியல் அது. புரோ ரூர் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்றுதான் சுற்றியது. 2008 பெப்ரவரியில் ஒருக்கா கோலாலம்பூருக்கு வந்தது. கனடாவின் ஜொன் ஸ்ரேர்ன் வென்றார். அழைப்புக் கடிதத்தை ஆட்டக்காரர் வெல்லலாம், விசா குடுக்கிறது தூதரகம். காட்டின் மொழி என்னவென்றாலும் பரவாயில்லை என்று சொன்ன தாராளமான விளையாட்டுக்கும், ஆளின் கடவுச்சீட்டு என்னவென்றாலும் பரவாயில்லை என்று சொல்லுற அதிகாரம் இல்லை.

இதனால் அந்தத் தாராளம் சின்னது என்று நாங்கள் சொல்லவரவில்லை. அண்ணா அந்தக் கடைக்கு அடுத்த வெள்ளியும் போனார். இந்தத் தரம் ஜப்பானிய மஜிக் டெக்கோடு போனார். அது செல்லும். எதிரே இருந்தவர் ஒரு காட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும், படம் தெரியும்" என்றாராம். அந்த மனுசரும் வேறெங்கோ இருந்து வந்தவர்தான். இப்போது அண்ணாவின் டெக்கில் பாதி ஆங்கிலம், பாதி ஜப்பான். சனிக்கிழமை இரவுகளில் சித்தப்பா வீட்டில 304. அங்கேயும் அவர் தோற்கிறாராம். ஒன்பதை எண்ண மறந்துபோகுதாம்.

பெட்டி இப்போது எங்கட நண்பியின் அறையில் இருக்கிறது. போன கிழமை மழை நாளில் நாங்கள் அதைத் திறந்து விளையாடிப் பார்த்தோம். ஒருத்தருக்கும் ஜப்பானிய எழுத்து தெரியாது. ஃபோனைக் காட்டுக்கு மேலே பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தால், "இந்த விலங்கு நித்திரை கொள்ளும் நாணயம் எறி" என்று வந்தது. நாலாவது ஆட்டத்துக்குள் படத்தைப் பார்த்தே எது என்ன என்று தெரியத் தொடங்கிவிட்டது. ஒரு குட்டி விலங்குக்கு நாங்களே "பூசணிக்காய்" என்று பேர் வைத்தோம். ஒல்லாந்தரின் ஸ்கோப்பனை இஸ்கோப்பன் ஆக்கினவர்களின் பேரப்பிள்ளைகள்தானே. எங்கட அறையில் அது செல்லும்.